நாற்பது ரகமும் ஒரு சுற்றறிக்கையும்

ஜனவரி 8

இன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறேகால் வரை நீடித்த கூட்டத்தில், எங்கள் விவசாயிகள் விதை ஆராய்ச்சிச் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஆராய்ச்சி வயலுக்கு முக்காலி ஒன்று வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. பிற்காலத்தில் யாராவது சங்கத்தின் வரலாற்றை எழுத நேர்ந்தால் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஏகமனது எளிதில் வந்துவிடவில்லை. எந்தத் தீர்மானத்தையும் எதிர்ப்பதால் ஆட்சேபணை என்றே பெயர் வாங்கிவிட்ட எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாங்க குனிஞ்சுதான் விதைச்சோம், குனிஞ்சுதான் அறுத்தோம். ஸ்டூல் கேட்டோமா?" என்றார்.

டாக்டர் மேசையின் கோடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "குனிஞ்சப்போ ஒவ்வொரு பூவுலயும் மூணு மகரந்தப் பையை இடுக்கியால எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நான் எடுக்கணும். ஒரு கதிருக்கு நாப்பது பூ."

பிறகு நாற்காலியா முக்காலியா என்று ஒரு மணி நேரம். வயல் மேடு பள்ளம். மூன்று கால் என்றால் எங்கே வைத்தாலும் ஆடாது என்று ஆட்சேபணையே கடைசியில் சொன்னார். அவர் ஆதரித்துப் பேசியதால் குழு சற்று நேரம் திகைத்தது.

நான் செயலாளர். தேர்தல் நடந்தபோது வெளியே சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் ஆகிவிட்டிருந்தேன். புத்தகம் படிக்கிற ஆள், நன்றாக எழுதுவார் என்று சொல்லித் தேர்ந்தெடுத்தார்களாம். இந்தத் தகுதியால் என்ன கெடுதல் வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 13

டாக்டர் என்றால் கோதுமைக்கு டாக்டர். போன வாரம் ஒருவர் முழங்கால் வலி என்று வந்து உட்கார்ந்தார். நான் பயிருக்குத்தான் பார்ப்பேன் என்றார் டாக்டர். "பரவாயில்லம்மா, சும்மா பாத்துச் சொல்லுங்க." பார்த்தார். ஏணி ஏறாதீர்கள் என்றார். வலி குறைந்துவிட்டதாம். இப்போது அவருடைய தம்பியும் வருகிறார்.

நாளைக்கே மறந்துவிடக்கூடும் என்பதால் இந்த ஏற்பாட்டை எழுதி வைக்கிறேன். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கைப்பிடித் தானியத்தின் விலையை நாங்கள் கொடுக்கிறோம். அதில்தான் டாக்டரின் சம்பளம், வயல், கொட்டகை எல்லாம். நல்ல விதை வேண்டும் என்று அடுத்தவர் வாசலில் போய் நிற்காமல், நூற்று நாற்பது பேர், அதிலும் ஒரு முக்காலிக்கு இரண்டேகால் மணி நேரம் பேசுகிறவர்கள், தாங்களே ஒரு விஞ்ஞானியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு என்று தொடங்கியது. வரும் மார்ச்சோடு முடிகிறது. வயல் நாளன்று உறுப்பினர்கள் வந்து பார்த்துக் கை தூக்கினால் தொடரும். இல்லையென்றால் டாக்டர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆயிரக்கணக்கில் தொடங்கி, கழித்துக் கழித்து இப்போது நாற்பதில் வந்து நிற்கிற புது ரகங்கள் கோணிப்பையில் தூங்கும். நாங்கள் பழையபடி செம்மணியை விதைப்போம். செம்மணி நல்ல கோதுமைதான். துரு நோய் வராத வரைக்கும். மூன்று வருடம் முன்பு வந்தபோது என் வயலின் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போனேன். கால்சட்டை முழங்கால் வரை ஆரஞ்சு நிறமாகிவிட்டது. என் மனைவி அதை இரண்டு முறை துவைத்தாள். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது அந்த நிறம் மட்டும்தான்.

ஜனவரி 21

சாயங்காலம் டாக்டர் ஒரு தகர டப்பாவோடு வயலுக்கு வந்தார். உள்ளே முகப்பவுடரோடு கலந்த பழுப்புத் தூள். துரு நோயின் வித்து. நாற்பது ரகத்தையும் சுற்றிச் செம்மணியை ஓர் ஓரமாக விதைத்திருக்கிறார். அதன் மேல் தூவிக்கொண்டே போனார். செம்மணிக்கு முதலில் நோய் வரும். அங்கிருந்து நாற்பதுக்கும் பரவும். எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்த்து, நிற்பதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து விதைப் பெருக்கத்துக்கு அனுப்புவார்.

"வேணும்னே நோயை விடறது மனசுக்குக் கஷ்டமா இல்லையா, டாக்டர்?"

"நான் விடலைன்னா அதுவா வரும். உங்க வயலுக்கு வரும். எனக்கு இங்க வரணும்."

பல் துலக்கப் பவுடர் தட்டுவது போல அவ்வளவு சாதாரணமாகத் தூவினார். நான் பின்னாலேயே நடந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு.

ஜனவரி 27

செய்தி பரவிவிட்டது. நோய் அல்ல, செய்தி. "நம்ம காசுல நோய் வளக்கறாங்களாமே" என்று கூட்டுறவுக் கடையில் மூன்று பேர் கேட்டார்கள். நான்காமவர் கேட்கவில்லை, பார்த்தார்.

உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சொன்னார் தலைவர். டாக்டர் ஒரு துண்டுத்தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்: "துருவை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். யாரும் மருந்து அடிக்காதீர்கள்."

விஷயம் இருக்கிறது, நடை இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

ஜனவரி 29

சுற்றறிக்கை முடிந்தது. இரண்டு பக்கம். இயற்கையின் சோதனை, மனிதனின் பொறுமை, தேர்வு என்பதன் தத்துவம் எல்லாம் வந்திருக்கின்றன. முடிவு இப்படி: "ஆராய்ச்சி வயல் நம் வயல். ஒவ்வொருவரும் அதைத் தம் சொந்த வயலைப் போல் பேணுவோமாக."

கடைசி வரியை மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டாள். உரைநடையை அப்படிக் கேட்கக் கூடாது என்று விளக்கினேன்.

பிப்ரவரி 4

காலை முழுவதும் டாக்டரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தலைமுறைக்கான கலப்பு. கதிரைக் கையில் தாங்கி, ஒவ்வொரு பூவாக விரித்து, இடுக்கியின் நுனியால் மூன்று மகரந்தப் பைகளை எடுத்துவிடுகிறார். பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டால் தாமதம். ஒன்று தவறினாலும் அந்தப் பூ தானே கருவுற்றுவிடும், உழைப்பு வீண். பிறகு காகித உறை, நூல், பென்சிலில் எண், தேதி. மூன்றாம் நாள் வேறொரு கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுவார்.

இதிலிருந்து வரும் விதை எங்கள் கைக்கு வர எத்தனை வருடம் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒழுங்கா நடந்தா எட்டு."

"ஒழுங்கா நடக்குமா?"

"நடந்ததில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கதிரை எடுத்தார்.

மதியம் வரை பதினொரு கதிர். நானாக இருந்தால் இரண்டாவது கதிரில் தொழிலை மாற்றியிருப்பேன்.

பிப்ரவரி 14

டாக்டர் அவருடைய அம்மாவின் கண் அறுவைக்காக மூன்று நாள் விடுப்பில் போயிருக்கிறார். எட்டு வருடத்தில் எடுத்த இரண்டாவது விடுப்பு. நோய் நன்றாகப் பிடித்திருக்கிறது, செம்மணி ஓரம் முழுக்க ஆரஞ்சு. திரும்பி வந்ததும் நாற்பதுக்கும் மதிப்பெண் போடப் போகிறார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 17

மச்சான் மருந்து அடித்துவிட்டார்.

பிப்ரவரி 17, மாலை

ஒழுங்காக எழுத வேண்டும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆராய்ச்சி வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. இந்த வட்டாரத்திலேயே நல்ல மனிதர். யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் அழைப்பதற்கு முன்பே வந்து நிற்பார். நேற்றுக் காலை ஆறு மணிக்குத் தன் சொந்த மருந்தை, சொந்தத் தெளிப்பானில் ஊற்றி, நாற்பது ரகத்துக்கும் ஓரத்துக்கும் ஓர் இலை விடாமல் அடித்திருக்கிறார். டாக்டர் திரும்பி வந்து பார்த்து மகிழட்டும் என்று.

"சொந்த வயலைப் போலப் பாத்துக்கணும்னு எழுதியிருந்தீங்களே, மாப்பிள்ளை. சொந்த வயல்னா விட்டுருப்பேனா?"

மச்சான் எதையும் கடைசி வரியிலிருந்து படிப்பவர். முதல் பக்கத்தையும் படித்திருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்து சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். இரண்டு பக்கத்தில் எங்கேயும் "மருந்து அடிக்காதீர்கள்" என்று இல்லை. விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போகவில்லை — நான்தான் எடுத்தேன். அந்த இடத்தில் ஓசை இடிக்கிறது என்று.

மனைவியிடம் உன் அண்ணன் செய்த வேலையைப் பார் என்றேன்.

"எங்கண்ணன் படிச்சது நீங்க எழுதினதைத்தானே" என்றாள்.

பிப்ரவரி 18

டாக்டர் வந்தார். வயலைப் பார்த்தார். ஓர் இலையைப் பிடுங்கி முகர்ந்தார். மச்சானும் நானும் வரப்பில் நின்றோம், பள்ளிக்கூடத்தில் நிற்பது போல.

"இந்த மருந்து மூணு வாரம் நிக்கும். அதுக்குள்ள கதிர் முத்திடும். இந்த வருஷம் அவ்வளவுதான்."

மச்சான் அழுதார். ஐம்பத்தாறு வயது ஆள். டாக்டர் அவரைத் திட்டவில்லை. எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என் சுற்றறிக்கையை வாங்கி இரண்டு பக்கத்தையும் படித்தார். "நல்ல தமிழ்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 20

தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். கெட்டுப்போன வயல் பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது என்பதை அவரும் கவனித்திருக்கிறார். நாற்பது ரகமும் ஒரு புள்ளி இல்லாமல் பச்சையாக நிற்கின்றன. "நமக்குள்ள நாலு பேருக்குத்தான் தெரியும். ஜனங்க வருவாங்க, பாப்பாங்க, கை தூக்குவாங்க. அடுத்த வருஷம் டாக்டர் சரி பண்ணிப்பாங்க. இப்ப சொன்னா எட்டு வருஷமும் போச்சு."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க எதுவும் இல்லை, உடனே சம்மதம்தான். என் சுற்றறிக்கையை யாரும் பேச மாட்டார்கள், மச்சான் தலை குனிய வேண்டாம், டாக்டர் வேலையும் தங்கும். இவ்வளவு நன்மைகளுக்கு ஒரே ஒரு பொய்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன், தலைவரின் யோசனை என்று. என்னுடையதும்தான் என்று சொல்லவில்லை.

"நாப்பதும் சுத்தமா இருக்கு. அதுல எது நிஜமா சுத்தம்னு எனக்கே தெரியாது. தெரியாததைக் காட்டி அவங்ககிட்ட எப்படிக் கை தூக்கச் சொல்றது? அவங்கதானே எனக்கு முதலாளி."

எங்களை ஒருவர் முதலாளி என்று சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. வேலை போகிற நேரத்தில் சொல்கிறார்.

மார்ச் 5

வயல் நாள். நூற்று முப்பது பேராவது வந்திருப்பார்கள். எல்லோரும் நேராக வயலுக்குள் இறங்கினார்கள். ஆட்சேபணை ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்து, "இதுக்கு நான் ரெண்டு கையையும் தூக்குவேன்" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் பூட்ஸைப் பார்த்தேன்.

டாக்டர் முன்னால் வந்தார். "நீங்க பாக்கறது ரகத்தை இல்ல. மருந்தைப் பாக்கறீங்க. இந்த வருஷச் சோதனை கெட்டுப்போச்சு. மூணைத் தேர்ந்தெடுத்துத் தரேன்னு சொன்னேன். என்னால முடியாது" என்றார். ஐந்தே வாக்கியம். ஓசை எங்கேயும் இடிக்கவில்லை.

யார் அடித்தது என்று ஒரு குரல். கூட்டத்தின் நடுவில் மச்சான் கை தூக்கினார். அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. முன்னால் போய், டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுத்தாளை முதலில் படித்தேன். பிறகு நான் எழுதியதன் கடைசி வரி. வேறு எதுவும் சேர்க்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்று ஆட்சேபணை எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். "எல்லாத்தையும் ஒரே வயல்ல வெச்சிருக்கீங்க. ஒருத்தன் ஒருநாள் சீக்கிரம் எழுந்தா எட்டு வருஷம் போயிடுது. இது என்ன ஏற்பாடு? பிரிச்சுக் குடுங்க. ஆளுக்கு ஒரு மூலையில போடறோம்."

"அதுல நோயும் விடணும்" என்றார் டாக்டர். "மருந்து அடிக்கக் கூடாது. உங்க பயிருக்குப் பக்கத்துலயே."

"அப்ப நோயையும் சேத்துக் குடுங்க" என்றார் ஆட்சேபணை.

இந்த மனிதரைப் பற்றி இந்த நாட்குறிப்பில் நான் முன்பு எழுதியிருப்பதையெல்லாம் அடிக்கலாமா என்று பார்த்தேன். நிறைய இருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஓட்டு: ஏற்பாடு ஒரே ஒரு வருடம் நீடிக்கும். அதற்குள் மூன்று ரகம் வர வேண்டும், இல்லையென்றால் முடிந்தது. மூலை கொடுக்க முன்வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். முதல் கை மச்சானுடையது.

நவம்பர் 2

எங்கள் வீட்டுக் கூடத்தில் விதை எண்ணினோம். இருபத்து மூன்று பேருக்கு, ஆளுக்கு நாற்பது காகித உறை, உறைக்கு அறுபது விதை. எண் மட்டும்தான் இருக்கும். எது எதன் பிள்ளை என்று வளர்ப்பவருக்குத் தெரியக் கூடாது. டாக்டர், மனைவி, மச்சான், நான். மச்சான் ஒவ்வொரு உறையையும் எண்ணி ஒட்டிவிட்டு, பிரித்து மறுபடி எண்ணினார்.

"அண்ணா, ஒண்ணு ரெண்டு கூடக்குறைய இருந்தா குடி முழுகிடாது."

"போன வருஷம் முழுகிச்சே" என்றார் அவர்.

இந்தத் தடவை சுற்றறிக்கையை மனைவி எழுதினாள். ஒரு வரி. முதல் வார்த்தை "மருந்து", கடைசி வார்த்தை "கூடாது".

ஜனவரி 24

டாக்டர் ஒவ்வொரு மூலையாகப் போய் டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்தார். நான்கு நாள் ஆயிற்று. மூலையைச் சுற்றி முப்பதடி விட்டுவிட வேண்டும், அதற்கு அப்பால் அவரவர் பயிருக்கு மருந்து அடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொன்னார். என் மூலைக்கும் தட்டினார். நோயை வரவேற்று வரப்பில் நின்றேன். விசித்திரமான உணர்ச்சி, விருந்தாளி என்று சொல்லவும் முடியவில்லை.

பிப்ரவரி 11

துரு எல்லா மூலையிலும் பிடித்துவிட்டது. எல்லோரும் முப்பதடி தள்ளித் தங்கள் பயிருக்கு மருந்து அடித்துவிட்டார்கள். மச்சான் வயலில் மட்டும் மூலையைத் தாண்டி ஆரஞ்சு நடந்து வந்திருக்கிறது. போய்க் கேட்டேன்.

"ஏன் மச்சான் இன்னும் அடிக்கல? முப்பதடிக்கு அப்புறம் அடிக்கலாம்னு சொன்னாங்களே."

"காத்து அளவெடுத்துட்டா வீசுது, மாப்பிள்ளை? ஒரு பொட்டு மூலையில பட்டா?"

"பட்டாலும் இன்னும் இருபத்திரண்டு மூலை இருக்கு."

"அவங்க எல்லாரும் இப்படி நெனச்சா?"

அவர் வயல் முழுக்கச் செம்மணி.

பிப்ரவரி 13

டாக்டரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்றாராம். அடிக்கவில்லை.

பிப்ரவரி 15

மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்தாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தாராம். "அவரைத் திருத்த முடியாது" என்றாள். சற்றுப் பொறுத்து, "திருத்தவும் வேணாம்" என்றாள். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 2

டாக்டரோடு இருபத்து மூன்று மூலையும் சுற்றினேன். இலையைத் திருப்பி, பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு துரு என்று எண் சொல்கிறார், நான் எழுதுகிறேன். என் நடைக்கு இதில் இடமில்லை. ஐந்து, நாற்பது, எண்பது, சுழி.

ஒரே வயலில் வைத்திருந்தால் தெரியாத விஷயங்கள் தெரிகின்றன. ஆற்றோர ஈரத்தில் நன்றாக நின்ற ஆறாம் எண், மேட்டு நிலத்தில் சுருண்டுவிட்டது. போன வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், பழைய குறிப்புகளின்படி ஆறைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த மூலைக்கு நடந்தார்.

மச்சான் மூலையில் நோய் மூன்று பக்கமும் சூழ்ந்து அடித்திருக்கிறது. முப்பத்தேழு ரகம் மடிந்து கிடக்க, பதினேழும் இருபத்தொன்பதும் முப்பத்தாறும் கழுவி வைத்த மாதிரி நின்றன. டாக்டர் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். இவ்வளவு தெளிவான சோதனையைத் தான் படித்த இடத்திலும் பார்த்ததில்லை என்றார்.

மச்சான் பக்கத்தில் நின்று, "சரியா பண்ணியிருக்கேனா, டாக்டர்?" என்றார்.

"சரியா பண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 3

பொதுக்கூட்டம். பதினேழு, இருபத்தொன்பது, முப்பத்தாறு ஆகிய மூன்றும் விதைப் பெருக்கத்துக்குப் போகின்றன. மூட்டைக்கு ஒரு கைப்பிடி ஏற்பாடு மேலும் எட்டு வருடத்துக்குத் தொடரும். எதிர்த்து ஒரு கையும் இல்லை. ஆட்சேபணை இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றைத்தான் எண்ணினோம்.

எல்லா வயலிலும் அறுவடை முடிந்தது. மச்சான் வயலில் அறுக்கவில்லை. மணி பிடிக்காத பயிரை மாட்டுத் தீவனத்துக்கு வெட்டி, இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.